அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டச் செய்திகளை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் எங்காவது பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், அன்றைக்கு இரவே ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டுவிடுவார். பேத்தி பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்டு மூச்சு விட்ட பிறகு அடுத்த கேள்வி வரும்: "இவ்வளவு பெரிய நாடு, ஒரு சட்டம் போட்டு இதை நிறுத்த முடியாதா?" முதல் சில வருடங்கள் எனக்கே பதில் தெரியவில்லை. தொலைக்காட்சியில் இரண்டு கட்சிக்காரர்களும் போடும் சத்தத்தைப் பார்த்து, இந்தத் தடவை ஏதோ நடக்கப்போகிறது என்று நம்பி, மூன்று வாரம் கழித்து அந்தச் செய்தியே காணாமல் போனதைப் பார்த்து நொந்துபோவேன். என் மகளின் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, விளக்கை அணைத்ததும் சுவரோரமாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவள் அதை ஒரு விளையாட்டு மாதிரி வந்து சொன்ன நாளில்தான், இந்த விவகாரத்தை ஒழுங்காகப் பின்தொடர்வது என்று முடிவெடுத்தேன். அப்படிப் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பேச்சை விட்டுவிட்டு ஓட்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான் அதன் அடிப்படை.

எந்த மசோதா என்று முதலில் பிரியுங்கள்

நம் ஊரில் துப்பாக்கி வேண்டுமென்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டும், எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும். அதே நினைப்போடு அமெரிக்கச் செய்தியைப் படித்தால் பாதி புரியாது. இங்கே மத்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை சாதாரணத் துப்பாக்கி வாங்குகிறவருக்கு லைசென்ஸ் கிடையாது, கடைக்காரருக்குத்தான் லைசென்ஸ். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினால், எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் கணினிப் பட்டியல்களில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது அந்த வழியில்தான். கடைக்காரர் அல்லாத ஒருவர் அதே மாநிலத்துக்காரர் ஒருவருக்கு விற்றால் மத்தியச் சட்டப்படி இந்தச் சோதனைகூட வேண்டாம். சில மாநிலங்கள் மட்டும் தங்கள் சட்டத்தில் அதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

ஆக, "துப்பாக்கிக் கட்டுப்பாடு" என்பது ஒரே பொருள் இல்லை. மேலே சொன்ன பட்டியல் சோதனையை, அதாவது பின்னணிச் சோதனையை, எல்லா விற்பனைக்கும் கட்டாயமாக்குவது ஒரு மசோதா, ஏ.ஆர்-15 மாதிரியான ரைஃபிள்களுக்குத் தடை என்பது வேறு மசோதா. துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்குவது, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் சொன்னால் கையில் இருப்பதைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ரெட் ஃபிளாக் சட்டம், வாங்கிய பிறகு சில நாள் காத்திருக்க வைப்பது, இவையெல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் வேறு, எதிர்ப்பாளர்கள் வேறு, ஜெயிக்கும் வாய்ப்பும் வேறு. செய்தியில் பொத்தாம் பொதுவாக "துப்பாக்கி மசோதா" என்று இருந்தால், எது என்று தெரிந்துகொள்ளும் வரை ஒரு கருத்தும் சொல்லாதீர்கள்.

சின்ன மசோதாக்களை ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருவர் நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து அங்கே போய்ப் பேராசிரியரானவர். சுட்டவனை மனநலச் சிகிச்சைக்குப் போகும்படி நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தது, ஆனால் அந்தத் தகவல் எஃப்.பி.ஐ. பட்டியலுக்குப் போய்ச் சேரவே இல்லை, அதனால் அவன் கடையில் போய் முறைப்படியே துப்பாக்கி வாங்கினான். மாநிலங்கள் இப்படிப்பட்ட தகவலை ஒழுங்காக அனுப்ப வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது, 2008 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமைக்காரர்களின் பெரிய அமைப்பான என்.ஆர்.ஏ.வே அதை ஆதரித்தது. பெரிய விவாதம் நடக்காமலேயே ஒரு ஓட்டை அடைபட்டது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். நாடாளுமன்றத்தை அசைப்பது பள்ளிக்கூடச் சூடு, ஆனால் சாவு எண்ணிக்கையில் அது சிறு பங்கு. கணநேர வெறியில், விரக்தியில் கைக்கெட்டிய துப்பாக்கியை எடுப்பவரைத் தடுப்பது காத்திருப்பு நாட்களும் ரெட் ஃபிளாக் சட்டமும்தான் என்பது என் எண்ணம். அவற்றுக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை, அதனால் நீங்களே தேடித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

60 என்ற எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்

பிரதிநிதிகள் சபையில் 435 பேர், எல்லோரும் ஓட்டுப் போட்டால் 218 ஓட்டில் மசோதா நிறைவேறும். செனட்டில் 100 பேர், 51 போதும் என்று நினைப்போம், போதாது. விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகலாம் என்று 60 பேர் சொன்னால்தான் சாதாரண மசோதா நகரும், இல்லாவிட்டால் எதிர்ப்பவர்கள் அதை அப்படியே நிறுத்திவைத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் ஃபிலிபஸ்டர். இது அரசியலமைப்பில் இல்லை, செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. இதோடு, ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாட்டு மக்களில் இத்தனை சதவீதம் பேர் ஆதரவு என்று கருத்துக்கணிப்பு வந்தால் நான் இப்போதெல்லாம் அதை நிதானமாகத்தான் படிக்கிறேன், ஏனென்றால் செனட்டில் மக்களை எண்ணுவதில்லை, மாநிலங்களை எண்ணுகிறார்கள்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 சின்னஞ்சிறு பிள்ளைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். இதற்குப் பிறகும் சட்டம் வராவிட்டால் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டோம். ஜனநாயகக் கட்சியின் ஜோ மேன்சின், குடியரசுக் கட்சியின் பேட் டூமி, இரண்டு பேருமே என்.ஆர்.ஏ.விடம் முதல் தர மதிப்பெண் வாங்கியவர்கள், சேர்ந்து பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். 2013 ஏப்ரல் 17 அன்று ஓட்டெடுப்பு: ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆதரவுதான் அதிகம், ஆனாலும் தோற்றது. அதே நாளில் ரைஃபிள் தடைக்குக் கிடைத்தது 40 ஓட்டு மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நடக்கக்கூடியது, எது வெறும் முழக்கம் என்று தெரிந்துவிடும்.

அந்த 46-ல் ஒரு நுணுக்கம் உண்டு. அவையின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் மசோதாவுக்கு ஆதரவானவர்தான், ஆனாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். தோற்ற பக்கம் ஓட்டுப் போடுகிறவர் அதை மறுபடி அவைக்குக் கொண்டுவர முடியாது, ஜெயித்த பக்கம் இருந்தால் முடியும் என்பது விதி. எனவே ஓட்டுப் பட்டியலில் தலைவர் பெயர் மாறி இருந்தால் உடனே "துரோகம்" என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒரு தடவை குடும்ப வாட்ஸ்அப்பில் அப்படி எழுதி, பிறகு திருத்த வேண்டியிருந்தது.

2019-இல் வேறு கதை. எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கேட்ட மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 240-190 என்று நிறைவேற்றியது. செனட்டில் அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. தோற்றுப்போனது என்ற செய்திகூட வரவில்லை, அப்படியே கிடந்து அந்த நாடாளுமன்றக் காலத்தோடு முடிந்தது. ஒரு சபை நிறைவேற்றியதும் கொண்டாட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

60 வேண்டாத வழி ஒன்று உண்டு: பட்ஜெட் சம்பந்தப்பட்ட மசோதாவென்றால் 51 போதும். 2025-இல் குடியரசுக் கட்சி அதைப் பயன்படுத்தி, சில வகை ஆயுதங்களைப் பதிவுசெய்யச் சொல்லும் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலிருந்து, சுடும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர்களை முழுவதுமாக வெளியே எடுக்கப் பார்த்தது. இது வரவு செலவு விஷயம் இல்லை என்று செனட்டின் விதி ஆலோசகர் சொல்லிவிட, பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, சைலன்சருக்கான 200 டாலர் வரியை மட்டும் பூஜ்யமாக்கினார்கள். 1934 முதல் மாறாமல் இருந்த தொகை அது. பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் இப்படித் துப்பாக்கி விஷயம் ஒளிந்திருக்கும், அதையும் தேடிப் பார்க்கப் பழகுங்கள்.

கொறடா உத்தரவு கட்டுப்படுத்தாத ஊரில் கட்சிக் கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது

நம் நாடாளுமன்றத்தில் கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. அமெரிக்காவில் அந்தச் சட்டம் கிடையாது. கட்சித் தலைவர் சொல்வதைக் கேட்காமல் யாரும் எப்படி வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். பிறகு ஏன் எல்லோரும் கட்சிக் கோட்டிலேயே நிற்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடைதான் மொத்த விவகாரத்தின் சாவி என்று நினைக்கிறேன். அவர்களுடைய பயம் பிரைமரி. வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை, கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களே ஒரு முன்தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் கொள்கையில் மிகத் தீவிரமானவர்கள். பல தொகுதிகளில் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு, நிஜப் போட்டி பிரைமரியில்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1994 மே மாதம் ரைஃபிள் தடை பிரதிநிதிகள் சபையில் 216-214 என்று இரண்டே ஓட்டில் தப்பியது. அந்த 216-இல் 38 பேர் குடியரசுக் கட்சி, எதிர்த்த 214-இல் 77 பேர் ஜனநாயகக் கட்சி. பத்து வருடத்துக்குத்தான் தடை செல்லும் என்ற நிபந்தனையோடு பில் கிளிண்டன் கையெழுத்திட்டார். அந்த நவம்பரிலேயே ஜனநாயகக் கட்சி நாற்பது வருடங்களாக வைத்திருந்த சபையை இழந்தது, சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார். தோல்விக்குக் காரணங்கள் பல இருந்தாலும், துப்பாக்கி ஓட்டும் ஒரு காரணம் என்று கிளிண்டனே பின்னாளில் சொன்னார். கிராமப்புறத் தொகுதி உறுப்பினர்கள் மனதில் அந்த பயம் தங்கிவிட்டது, 2004-இல் தடை காலாவதியானபோது புதுப்பிக்க ஆள் சேரவில்லை.

இப்போது 2022-க்கு வாருங்கள். ஜூலை 29 அன்று அதே மாதிரித் தடை பிரதிநிதிகள் சபையில் 217-213 என்று நிறைவேறியது. ஆதரித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் 38 இல்லை, இரண்டே பேர். அதில் ஒருவர் நியூயார்க்கின் கிறிஸ் ஜேக்கப்ஸ். பஃபலோ சூப்பர்மார்க்கெட்டில் பத்துப் பேர் கொல்லப்பட்ட பிறகு தடையை ஆதரிப்பேன் என்று சொன்னார், ஒரு வாரத்தில் கட்சிக்குள் கிளம்பிய எதிர்ப்பில் மறுதேர்தலில் நிற்பதையே கைவிட்டார். அந்த மசோதாவும் செனட்டில் கிடப்பில் போனது.

ஆகவே ஒரு செனட்டரோ உறுப்பினரோ எப்படி ஓட்டுப் போடுவார் என்று கணிக்க, அவர் கண்ணீர் விட்டாரா என்று பார்க்காதீர்கள். அடுத்த தேர்தல் அவருக்கு எந்த வருடம், ஓய்வு பெறப்போகிறாரா, தொகுதி எப்படிப்பட்டது, இந்த மூன்றையும் பாருங்கள்.

2022 ஜூனில் இது துல்லியமாகத் தெரிந்தது. மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டியில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கிறிஸ் மர்ஃபி, ஜான் கார்னின், கிர்ஸ்டன் சினிமா, டாம் டில்லிஸ் என்ற, இரண்டு கட்சியையும் சேர்ந்த நான்கு செனட்டர்கள் உட்கார்ந்து பேசி, ஜூன் 12 அன்று ஒரு வரைவை வெளியிட்டார்கள். ஆதரிப்பதாக அதில் பெயர் கொடுத்த குடியரசுக் கட்சிக்காரர்கள் சரியாகப் பத்துப் பேர். அப்போது செனட் 50-50, அறுபதுக்குத் தேவை அந்தப் பத்து. பத்துப் பெயரைப் பார்த்த அன்றுதான் இது நிஜமாகவே நடக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். கடைசி ஓட்டெடுப்பில் 65-33, குடியரசுக் கட்சியிலிருந்து 15 பேர். அந்த 15-இல் அந்த வருடம் மக்களைச் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் இரண்டே பேர், நான்கு பேர் ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டவர்கள். கார்னின் சொந்த மாநிலக் கட்சி மாநாட்டில் கூச்சல் போட்டே அவரை எதிர்கொண்டார்கள்.

ஜூன் 25 அன்று பைடன் கையெழுத்திட்டார். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை, அதற்குப் பத்து வேலை நாள் வரை அவகாசம், மாநிலங்களின் ரெட் ஃபிளாக் திட்டங்களுக்குப் பணம், மனைவியாக இல்லாத காதலியை அடித்துத் தண்டனை பெற்றவனுக்கும் துப்பாக்கித் தடை என்று சில நல்ல அம்சங்கள் உண்டு. ரைஃபிள் தடை இல்லை, வயது வரம்பும் உயரவில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து கையெழுத்து வரை 32 நாள். இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: மூன்று வாரத்துக்குள் எதிர்க்கட்சியிலிருந்து போதுமான பெயர்கள் எழுத்தில் வராவிட்டால், பிறகு வந்து நான் பார்த்ததில்லை.

என்.ஆர்.ஏ. பணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அந்த அமைப்பு கொடுக்கும் மதிப்பெண்ணைப் பார்த்து ஓட்டுப் போடுகிற மக்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பணத்தைவிடப் பெரிய பலம். 2024 ஜனவரியில் அதன் நெடுநாள் தலைவர் வேய்ன் லாபியர் ஊழல் வழக்குக்கு நடுவே விலகினார், அமைப்பு தளர்ந்துபோயிருக்கிறது, ஆனாலும் ஓட்டுக் கணக்கு மாறவில்லை. துப்பாக்கி இப்போது கட்சி அடையாளமாகவே ஆகிவிட்டது.

நீதிமன்றத்தை மறந்துவிடாதீர்கள்

சட்டம் வந்தாலும் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிடலாம். ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் 5-4 என்று தீர்ப்பு வந்தது. 2022 ஜூன் 23 அன்று, செனட் மேலே சொன்ன மசோதாவை நிறைவேற்றிய அதே நாளில், பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்ல நியூயார்க் வைத்திருந்த கட்டுப்பாட்டை 6-3 என்று கோர்ட் ரத்து செய்தது. இனி எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் சொன்னது. 2017-இல் லாஸ் வேகஸில் நடந்த படுகொலைக்குப் பிறகு, துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுடவைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற கருவியை டிரம்ப் அரசே விதி போட்டுத் தடை செய்தது. 2024-இல் அதையும் கோர்ட் ரத்து செய்தது. காரணம், இயந்திரத் துப்பாக்கிக்கு நாடாளுமன்றச் சட்டம் சொல்லும் விளக்கத்தில் அது அடங்காது, அதனால் துறை அதிகாரிகள் விதி போட்டு அதைத் தடை செய்ய முடியாது என்பதுதான். அதனால் ஒரு தடை அறிவிக்கப்பட்டால் அது சட்டமா, வெறும் விதியா என்று கேளுங்கள். விதி அடுத்த ஆட்சியிலோ அடுத்த தீர்ப்பிலோ போய்விடலாம். எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கமும் இல்லை: குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-இல் 8-1 என்று அதே கோர்ட் உறுதிசெய்தது.

மாநிலச் செய்திகளையும் ஒரு கண் பாருங்கள். பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு, 2018 மார்ச்சில் ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கிக் கையெழுத்திட்டார். 2021-இல் டெக்சஸ் எதிர்த் திசையில் போய், அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றது.

எங்கே போய்ப் பார்ப்பது

காங்கிரஸ் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் மசோதா எண்ணைத் தட்டினால் எல்லாம் கிடைக்கும். முதலில் இணைந்து முன்மொழிந்தவர்கள் பட்டியலைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்சி எழுத்தை எண்ணுங்கள். ஒரே கட்சி எழுத்தாக நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் பிரசாரத்துக்கான மசோதா. பிறகு கடைசி நடவடிக்கை என்ன என்று பாருங்கள். "நீதித்துறைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்பதோடு மாதக்கணக்கில் நின்றிருந்தால் அநேகமாக அங்கேயே அதற்குச் சமாதி. குழுவைத் தாண்டி அவைக்கு இழுக்க 218 பேர் கையெழுத்துப் போடும் மனு ஒன்று உண்டு, அது அபூர்வமாகத்தான் ஜெயிக்கும், ஆனால் எண்ணிக்கை ஏறுகிறதா என்று வாரம் ஒரு முறை பார்ப்பேன். செனட்டில் பெயர் பெயராக ஓட்டுப் பட்டியல் அன்றே வந்துவிடும், செய்தித்தாள் விளக்கத்தைப் படிக்கும் முன் அதைப் படியுங்கள்.

இங்கே வசிப்பவரா? நாடாளுமன்றத்தின் பொது எண் 202-224-3121. கூப்பிட்டு உங்கள் மாநிலத்தைச் சொன்னால் உங்கள் செனட்டர் அலுவலகத்துக்கு இணைப்பு கொடுப்பார்கள். எடுப்பவர் பெரும்பாலும் இருபது வயசுப் பிள்ளையாக இருக்கும், அதனிடம் கோபப்பட வேண்டாம். பெயர், ஜிப் கோடு, மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, இவ்வளவு சொன்னால் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் மறக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "விவாதத்தை முடிக்கும் ஓட்டெடுப்பில் செனட்டர் எந்தப் பக்கம்?" மசோதாவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டால் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள், அந்த ஓட்டைப் பற்றிக் கேட்டால் ஆம், இல்லை, இன்னும் முடிவெடுக்கவில்லை என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். மூன்றாவது பதில் வந்தால் அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுங்கள்.